நூறு குழி ஒரு காணி

திண்டிவனத்திலிருந்து எந்த ரோட்டில் கிளம்பினாலும் பத்து நிமிடத்தில் கலர் கொடிகள் கண்ணில் படும். போன பட்டத்துக்கு மல்லாட்டை (வேர்க்கடலை) போட்டிருந்த நிலம், இந்தப் பட்டத்தில் செம்மண் அடித்து, மஞ்சள் கல் நட்டு, ஏதோ ஒரு 'நகர்' ஆகியிருக்கும். இங்கே வளரும் பிள்ளைகள் காதில் நிலக்கணக்கு விழாத நாள் இல்லை. அதுவும் ஆளுக்கு ஒரு கணக்காக விழும். வீட்டில் தாத்தா காணி, குழி என்பார். புரோக்கருக்கு சென்ட். பிளாட் விற்கிறவருக்கு சதுர அடியும் மனையும். பட்டாவைப் பிரித்தால் ஹெக்டேர், ஏர்ஸ். கணக்குப் புத்தகத்தில் மட்டும் 6 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலமுள்ள ஒரு செவ்வகம், யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கும்.

நான் நடுநிலைப்பள்ளிக் கணக்கு டீச்சர். ஏழாம் வகுப்பில் பரப்பளவு நடத்திக்கொண்டிருந்தபோது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் கேட்டான்.

"டீச்சர், எங்க தாத்தா ஒரு காணி வித்துட்டாரு. அதுல எத்தினி பிளாட் போடுவாங்க?"

பதில் எனக்குத் தெரியும். நம் பக்கத்துக் கணக்கில் ஒரு காணி 57,600 சதுர அடி. ஒரு மனை 2,400 சதுர அடி. வகுத்தால் 24. ஒரு வரியில் சொல்லிவிட்டு 6 செ.மீ. செவ்வகத்துக்குத் திரும்பியிருக்கலாம். ஆனால் அந்தப் பையன் அந்த வருஷம் முழுக்க வகுப்பில் கேட்ட முதல் கேள்வி அது. அதனால் பதிலை விழுங்கிவிட்டு, "உங்க தாத்தாகிட்டயே காணின்னா எவ்ளோன்னு கேட்டுட்டு வா" என்று அனுப்பினேன்.

மறுநாள் வந்தான். "நூறு குழி ஒரு காணியாம். குழின்னா இருபத்துநாலு அடி கோலால நாலு பக்கமும் அளக்கறதாம்." 24 × 24 = 576. நூறு குழிக்கு 57,600. நான் மனப்பாடமாக வைத்திருந்த எண்ணை அவன் தாத்தா கோலை வைத்துக் கட்டிக் கொடுத்துவிட்டார். இன்னொரு பெண் பிள்ளை, காணியே சதுரமாக இருந்தால் பக்கம் எத்தனை அடி என்று தானாகவே போட்டுப் பார்த்து 240 என்றாள். வர்க்கமூலம் என்ற பாடத்துக்கு அவர்கள் இன்னும் வரவில்லை. பத்துக் குழி நீளம், பத்துக் குழி அகலம், அவ்வளவுதானே என்றாள்.

24 மனை என்பது எல்லோருக்கும் வந்துவிட்டது. "அப்ப 24 பிளாட் போடலாமா?" என்று கேட்டேன். போடலாம் என்றார்கள். சார்ட் அட்டையில் 24 செ.மீ. சதுரம் போட்டு, ஒரு செ.மீ.க்கு 10 அடி என்று வைத்துக்கொண்டு, 40-க்கு 60 என்று மனைகளை வெட்டி ஒட்டினார்கள். நாலு வரிசை, வரிசைக்கு ஆறு. கச்சிதமாகப் பொருந்தியது. ஒட்டி முடித்த பிறகுதான் ஒருத்தன் கேட்டான், "நடுவுல இருக்கறவன் வூட்டுக்கு எப்பிடிப் போவான்?"

அங்கே ஆரம்பித்தது. ரோடு விடணும். எத்தனை அடி? சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு, பக்கத்து நகருக்குப் போய் அளந்து, 30 அடி என்று வந்தார்கள். குறுக்கே ஒரு ரோடு போட்டால் 30 × 240 = 7,200 சதுர அடி. அதாவது மூன்று மனை காலி. ஆனால் ஒரு ரோடு போதவில்லை. ஓரத்து வரிசைக்கு வழியில்லை. இரண்டு ரோடு போட்டார்கள். மனை வரிசை, ரோடு, மனை வரிசை, மனை வரிசை, ரோடு. கூட்டினால் 60 + 30 + 60 + 60 + 30 = 240. இஞ்சு பிசகாமல் உட்கார்ந்தது. மூன்று வரிசை, வரிசைக்கு ஆறு, ஆக 18 பிளாட். இரண்டு ரோட்டுக்கும் ஆறு மனை. 18 + 6 = 24. இந்தச் சரிபார்ப்பை நான் கேட்கவே இல்லை. "மிச்சம் எங்க போச்சு" என்று தேடி அவர்களே கூட்டினார்கள்.

இன்னொரு குழு, ஏழைகள் வாங்குகிற மாதிரி அரை மனையாகப் போடலாம் என்று 30-க்கு 40 வெட்டியது. நாலு வரிசை, வரிசைக்கு எட்டு, மொத்தம் 32. "எங்களுதுதான் அதிகம்" என்று கத்தினார்கள். எண்ணிக்கை அதிகம்தான், ஆனால் 32 அரை மனை என்பது 16 மனைதான் என்று எதிர்க்குழு மடக்கியது. அதுமட்டுமில்லை, 20 அடிப் பட்டை ஒன்று எதற்கும் உதவாமல் ஓரத்தில் மிஞ்சியது. அதை என்ன செய்வது?

"பூங்கான்னு நோட்டீஸ்ல போட்டுக்கலாம் டீச்சர்."

பன்னிரண்டு வயசில் ரியல் எஸ்டேட் இவ்வளவு தெளிவாகப் புரிந்திருப்பதை நினைத்துச் சிரிப்பதா கவலைப்படுவதா என்று தெரியவில்லை. கணக்கு சரி.

அடுத்த வாரம் ஒரு குழியை நிஜமாகவே தரையில் போட்டுப் பார்க்கலாம் என்று மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். 24 அடிக் கயிறு, நாலு குச்சி. நாலு பக்கமும் அளந்து குச்சி நட்டார்கள். பார்த்தால் ஏதோ கோணலாகத் தெரிகிறது. "நாலு பக்கமும் 24 இருக்கு, அப்புறம் எப்பிடி கோணல்?" என்று ஒரு கூட்டம். மூலைக்கு மூலை அளக்கச் சொன்னான் ஒருவன். ஒரு மூலைவிட்டம் 35 அடி, இன்னொன்று 33-க்கும் கொஞ்சம் குறைச்சல். சதுரமாக இருந்தால் இரண்டும் 33 அடி 11 அங்குலத்தில் நிற்கும். ஆக, போட்டது சாய்சதுரம். இதில் எனக்கே ஒரு ஆச்சரியம் காத்திருந்தது. இரண்டு அடிக்கு மேல் மூலைவிட்டம் வித்தியாசம் இருக்கிறதே, பரப்பு நிறையக் குறைந்திருக்கும் என்று எல்லோரும் நினைத்தோம். போட்டுப் பார்த்தால் 575 சதுர அடிக்கு ஒரு மயிரிழை கம்மி. மொத்தத்தில் ஒரு சதுர அடிதான் நட்டம். "அப்ப கொஞ்சம் கோணலா இருந்தா பரவால்ல" என்று ஒரு தீர்ப்பு வந்தது. எவ்வளவு கோணல் வரைக்கும் பரவாயில்லை? அந்தக் கேள்வியைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி, அழிக்கக் கூடாது என்று கோடு போட்டு வைத்தோம்.

மூலையைச் சரிபார்க்க ஒரு சிறுமி செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். பழைய தினத்தந்தித் தாளை எப்படியோ ஒரு மடிப்பு மடித்தாள். அந்த மடிப்பின் மேலேயே இன்னொரு மடிப்பு. மூலையில் ஒரு செங்கோணம் வந்துவிட்டது. தாளின் ஓரம் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. அதைக் கொண்டுபோய்க் குச்சியடியில் வைத்துப் பார்த்தாள்.

நம் ஊர்க்காரர் ஒருவர் இதை வைத்தே ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார் என்று அன்று சொன்னேன். சுந்தர ராவ். 1893-ல் சென்னையில் வெளியானது, காகித மடிப்பில் வடிவியல் செய்யும் புத்தகம். காம்பஸும் ஸ்கேலும் இல்லாமல், மடித்து மடித்தே சதுரம், ஐங்கோணம், இன்னும் வளைகோடுகள் வரை போகிறார். கிண்டர்கார்டன் பிள்ளைகளுக்கான காகித மடிப்பு விளையாட்டிலிருந்துதான் இந்த யோசனை வந்தது என்று அவரே முன்னுரையில் ஒப்புக்கொள்கிறார். ஜெர்மனியின் பெரிய கணிதமேதை ஃபெலிக்ஸ் கிளைன் தன் நூலில் இதைக் குறிப்பிட, உலகம் திரும்பிப் பார்த்தது. 1901-ல் அமெரிக்காவில் மறுபதிப்பு வந்தது. இவ்வளவும் செய்தவர் கணித வாத்தியார் இல்லை, சென்னை மாகாண வருவாய்த்துறை அதிகாரி.

வருவாய்த்துறைக்கும் கணக்குக்கும் இந்தப் பக்கத்தில் ஏதோ பூர்வஜென்ம பந்தம் இருக்க வேண்டும். 1910-ல் ராமானுஜன் வேலை தேடி விழுப்புரம் வழியாகத் திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே துணை ஆட்சியராக இருந்த வி. ராமசாமி ஐயரைப் பார்க்க. இந்தியக் கணிதக் கழகத்தை 1907-ல் தொடங்கியவர் அவர். ராமானுஜன் கேட்டது தாலுகா ஆபீசில் ஒரு கிளார்க் வேலை. நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்த ஐயர், இந்த மூளையை ரெவின்யூ ஆபீசில் போட்டு நசுக்க மாட்டேன் என்று வேலை தராமல், அறிமுகக் கடிதம் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். அந்த வருஷக் கடைசியிலேயே ராமானுஜன் போய்ப் பார்த்த ராமச்சந்திர ராவும் ஒரு கலெக்டர்தான், நெல்லூரில். திருக்கோவிலூர் அப்போது தென்னாற்காடு ஜில்லா. பிறகு விழுப்புரம் மாவட்டம், 2019-க்குப் பிறகு கள்ளக்குறிச்சி. விழுப்புரம் ஜங்ஷனில் காட்பாடி பாசஞ்சர் ஏறினால் இன்றைக்கும் அதே தடம்தான்.

ராமானுஜனைப் பிள்ளைகளுக்கு உதாரணமாகக் காட்டுவது எனக்குப் பொதுவாகப் பிடிக்காது. "அவர் மேதை, நாம எங்க" என்று ஒதுங்கிவிட அது நல்ல சாக்கு. ஆனால் ஒரு விஷயம் மட்டும் சொல்வேன். அவருக்குப் பதினைந்து பதினாறு வயசில் கிடைத்த கார் என்பவரின் புத்தகம், சுமார் 5,000 சூத்திரங்களின் வெறும் பட்டியல். பரீட்சைக்குப் படிப்பவர்களுக்கான கையேடு. நிரூபணம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. அவ்வளவு வறட்டுப் புத்தகம் யாரையும் விரட்டியடித்திருக்கும். அவரோ ஒவ்வொரு வரியையும் ஒரு கேள்வியாக எடுத்துக்கொண்டார்: இது எப்படி வந்தது? எழுதியவர் சொல்லாமல் விட்ட இடமெல்லாம் அவருக்கு வேலை செய்கிற இடமாகிவிட்டது.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. செய்து கற்றல், கைவழிக் கற்றல் என்று பேச ஆரம்பித்தாலே நம் ஆட்கள் நேராகப் பொருளுக்குப் போய்விடுகிறோம். மணி, குச்சி, கட்டை, அட்டை. பயிற்சிக்குப் போனால் டி.எல்.எம். (கற்றல்-கற்பித்தல் பொருள்) என்ன செய்தீர்கள் என்றுதான் முதல் கேள்வி. தெர்மாகோல் இல்லாத கணக்குக் கண்காட்சியை நான் பார்த்ததில்லை. பையன் மணியைக் கோத்து எண்ணுகிறான், போட்டோ எடுக்கிறோம், குரூப்பில் போடுகிறோம். அவன் கையில் மணி இருக்கிறது, சரி. அவன் மனசில் கேள்வி இருக்கிறதா? அதை யாரும் பார்ப்பதில்லை. காணியில் எத்தனை பிளாட் என்று கேட்டவன் கையில் ஒன்றுமே இல்லை. கயிறும் குச்சியும் பிறகுதான் வந்தன. அவனுக்குத் தேவைப்பட்டதால் வந்தன.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு நீண்ட கதை உண்டு. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் எம்.பி. விஜயகுமார் ஐ.ஏ.எஸ். செயல்வழிக் கற்றலைக் கொண்டுவந்தார். ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளியில் வளர்ந்த முறையைப் பார்த்துவிட்டு வந்து, நம் பள்ளிகளுக்கு ஏற்ப மாற்றியது. 2007-ல் மாநிலம் முழுக்கப் போனது. அட்டைகள், ஏணிப்படி, சுவரில் பிள்ளைகளின் உயரத்துக்குக் கரும்பலகை, பாயில் உட்கார்ந்து படிப்பது. அந்தக் காலத்தில் வேலைக்கு வந்த எங்களுக்கு அதன் அருமை தெரியும். டீச்சர் தரையில் உட்கார்ந்தார், அடிக்கிற குச்சி போனது, பின்தங்கிய பிள்ளை அழாமல் தன் படியில் நின்று படித்தது. இதைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு.

ஆனால் கணக்கில் ஒரு இடத்தில் அது நின்றுவிட்டது என்பது என் அபிப்பிராயம். அட்டையின் வரிசை முன்பே முடிவானது. பதிலும் அட்டைக்குப் பின்னாலேயே காத்திருக்கும். பிள்ளை ஒரு படி முடித்து அடுத்த படி ஏறலாம். ஏணியை வேறு சுவரில் சாய்க்க முடியாது. 2022-ல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபிறகு அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்து, பாட்டும் ஆட்டமுமாகக் கீழ்வகுப்புகள் கலகலப்பாகத்தான் இருக்கின்றன. கொரோனாவில் இரண்டு வருஷம் விட்டுப்போன எண்ணறிவைப் பிடிக்க அது தேவைப்பட்டது. அங்கேயும் கேள்வி கேட்பவர் டீச்சர்தான்.

2005 தேசியக் கலைத்திட்டத்துக்காகக் கணிதம் கற்பித்தல் பற்றி ஒரு குழு அறிக்கை தயாரித்தது. தலைவர், அப்போது நம் தரமணிக் கணித அறிவியல் நிறுவனத்தில் பேராசிரியராக இருந்த ஆர். ராமானுஜம். கூட்டல் கழித்தல் சரியாக வருவதெல்லாம் குறுகிய இலக்கு. குழந்தையின் சிந்தனையே கணிதவழியில் நடக்க வேண்டும், அதுதான் பெரிய இலக்கு என்பது அதன் சாரம். கணக்கென்றால் பயம், பயத்தால் தோல்வி என்ற நோயையும் அறிக்கை முதலில் எடுத்துப் பேசுகிறது. பி.எட். படிப்பில் இதை ஐந்து மதிப்பெண் கேள்வியாகப் படித்து எழுதிவிட்டு மறந்துபோகிறோம்.

இதையெல்லாம் அறிக்கைக்கு முன்பே செய்துகாட்டிய ஒரு வாத்தியார் இருந்தார். சென்னை முத்தியால்பேட்டை உயர்நிலைப்பள்ளியில் பாடம் நடத்திய பி.கே. சீனிவாசன். ராமானுஜன் நினைவு மலர்களைத் தொகுத்தவர், 1993-ல் ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகமும் கணிதக் கல்வி மையமும் வரக் காரணமானவர். கோலம், காகிதம், நாட்காட்டி என்று கைக்குக் கிடைத்ததிலெல்லாம் கணக்கைத் தேடவைப்பார். காசு செலவாகும் பொருள் எதையும் அவர் நம்பியதில்லை. அதிலும் ஒரு பாடம் இருக்கிறது: விலைகொடுத்து வாங்கிய கிட் பெட்டி ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஏறிவிடும், ஏறியது பீரோவுக்குப் போகும், தொலைந்தால் யார் பொறுப்பு என்ற பயத்தில் பூட்டு விழும். புளியங்கொட்டைக்கு ரெஜிஸ்டர் கிடையாது.

புளியங்கொட்டை என்றதும் நினைவுக்கு வருகிறது. குழி போட்ட கதை இன்னும் முடியவில்லை. 576 சதுர அடி வேண்டும், ஆனால் சதுரமாகத்தான் இருக்க வேண்டுமா என்று கேட்டுவைத்தேன். கல்லுக்கால் நட்டுக் கம்பிவேலி போட வேண்டும், எந்த வடிவத்துக்கு வேலிச்செலவு குறைச்சல்? பட்டியல் போட்டார்கள். 18-க்கு 32 என்றால் சுற்றளவு 100. 16-க்கு 36 என்றால் 104. 12-க்கு 48 என்றால் 120. 8-க்கு 72 என்றால் 160. சதுரத்துக்கு 96-தான். மெலிய மெலிய வேலி ஏறிக்கொண்டே போகிறது. ஒருத்தி கடைசி வரைக்கும் போய், 1 அடி அகலம், 576 அடி நீளம், சுற்றளவு 1,154 என்று எழுதினாள். பக்கத்திலிருந்தவன் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"அது நெலம் இல்லடி, வரப்பு."

அப்புறம் கேள்வி திரும்பியது. வேலி 96 அடிதான் இருக்கிறது, எந்த வடிவத்தில் வளைத்தால் அதிக இடம் கிடைக்கும்? ஒரே அளவு நூலை முக்கோணம், சதுரம், வட்டம் என்று தரையில் வளைத்து, உள்ளே புளியங்கொட்டையை ஒற்றை அடுக்காகப் பரப்பி எண்ணினார்கள். சதுரத்தில் நூறு பிடித்தால் வட்டத்தில் நூற்றிருபதுக்கு மேல் பிடித்தது. அப்படியானால் ஏன் ஒருத்தரும் வட்டமாக நிலம் வைத்துக்கொள்வதில்லை? நான் கேட்கவில்லை, கேள்வி தானாக வந்தது. பதிலும் வந்தது: வட்டம் வட்டமாக அடுக்கினால் நடுவில் யாருக்கும் இல்லாத மூலை மிஞ்சும், அதுக்கு அடிதடி நடக்கும். கிணறு மட்டும் ஏன் வட்டம் என்று ஆரம்பித்து அந்தப் பீரியடு முடிந்தது. பக்கத்து வீட்டுக் கொத்தனார் ஒருவர் வந்து, மூன்றடி, நாலடி, குறுக்கே ஐந்தடி என்று மூலை பிடித்துக் காட்டியதும் அந்த வாரத்தில்தான். "நாலு, அஞ்சு, ஆறு வச்சா வராதா அண்ணா?" என்று ஒரு பையன் கேட்க, அவர் தலையைச் சொறிந்தார். வைத்துப் பார்த்தால் வரவில்லை. மூலை உள்ளே மடங்கிவிட்டது. 6, 8, 10 வந்தது. 5, 12, 13 வந்ததைப் பார்த்து அவருக்கே ஆச்சரியம். பிதாகரஸ் பெயரை நான் சொல்லவில்லை. அடுத்த வருஷம் புத்தகத்தில் சந்திக்கட்டும், தெரிந்த ஆள் மாதிரி இருக்கும்.

சின்னப் பிள்ளைகளிடம் இது நடக்குமா என்று கேட்பார்கள். நடக்கும் என்பதை இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் பார்த்தேன். அது தொடங்கிய இடம் எங்கள் பக்கம்தான். 2021 அக்டோபர் 27-ல் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் முதல்வர் ஸ்டாலின் தொடங்கிவைத்தார். சாயங்கால வகுப்பு நடத்த வந்த தன்னார்வலப் பெண்கள் பலர் அந்தந்த ஊர்ப் பட்டதாரிகள், பிள்ளைகளுக்கு 'அக்கா'. அப்படியொரு அக்காவுக்குப் பின்னம் சொல்லிக்கொடுப்பதில் சிக்கல் என்று உதவப் போனேன். பீட்சாவை எட்டாக வெட்டுகிற படம் ஒன்று வைத்திருந்தாள். பீட்சா சாப்பிட்ட பிள்ளை அங்கே யாரும் இல்லை. அவள் பாட்டியிடம் படி, உரி, உழக்கு, ஆழாக்கு நாலும் பித்தளையில் இருந்தன. பரணிலிருந்து இறக்கினோம். இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி. படியில் உரி அரை, உழக்கு கால், ஆழாக்கு அரைக்கால்.

காலிப் படியில் முதலில் ஒரு உரி மல்லாட்டைப்பருப்பு. பிறகு ஒரு உழக்கு. பிறகு ஒரு ஆழாக்கு. "படி நெறைய இன்னும் எவ்ளோ வேணும்?" மூன்றாம் வகுப்புச் சிறுவன் எட்டிப் பார்த்து, இன்னொரு ஆழாக்கு என்றான். ஊற்றாமல், "அரை ஆழாக்கு மட்டும் போடுவோம், இப்ப?" இன்னும் அரை ஆழாக்கு. அதிலும் பாதி போட்டால்? இன்னும் அதே பாதி. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னான்: "கடைசியா எவ்ளோ ஊத்துனமோ அவ்ளோதான் எப்பவும் கொறையுது." பதினொன்றாம் வகுப்பில் முடிவிலாத் தொடர் என்று நடத்துகிறோமே, அதன் வாசலில் வந்து நின்றுவிட்டான். நாங்கள் தள்ளிவிடவில்லை. அடுத்ததாக அவனுக்கு முக்கியமாகப் பட்டது வேறு: தலைதட்டி அளப்பதா, கோபுரமாக அளப்பதா? அரிசிக்கும் மல்லாட்டைக்கும் கோபுரம் ஒரே உயரம் நிற்குமா? பாட்டி சொன்னாள், வாங்கும்போது கோபுரம், கொடுக்கும்போது தலைதட்டு என்று ஒரு ஜமீன்காலத்துக் கணக்கு இருந்ததாம்.

பழைய திண்ணைப் பள்ளியில் இந்த அளவைகளும் முந்திரி, காணி, மா என்ற பின்னங்களும்தான் பாடமே. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றும் த. செந்தில்பாபு இந்த வரலாற்றை விரிவாக எழுதியிருக்கிறார். 2022-ல் ஆங்கிலப் புத்தகமாக வந்தது. எண்சுவடி மனப்பாடம், கூடவே ஊரின் நெல்லும் நிலமும். அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. யாருடைய பிள்ளைக்குத் திண்ணையில் இடம் கிடைத்தது, யார் பிள்ளை அளந்த நெல்லைச் சுமந்தது என்பது தெரிந்ததுதான். 320-ல் ஒரு பங்குக்கு முந்திரி என்று பெயர் வைத்த ஊரில், இன்று கால் + அரைக்கால் என்றால் ஆறாம் வகுப்பு முழிக்கிறதே என்ற ஆதங்கம் மட்டும்தான்.

மறுபடி விழுப்புரம் மாவட்டத்துக்குள்ளேயே இன்னொரு முயற்சியைச் சொல்லாமல் விட்டால் தப்பு. வானூர் பக்கம் ஆரோவில்லைச் சேர்ந்த உதவி பள்ளி, இசை அம்பலம் பள்ளி. சுற்றுவட்டாரக் கிராமத்துப் பிள்ளைகள் படிக்கிற இடங்கள். சிப் வடிவமைப்புப் பொறியாளரான சஞ்சீவ் ரங்கநாதன் முன்நின்று தொடங்கிய ஸ்டெம் லேண்ட் என்ற கூடம் அங்கே நடக்கிறது. ரூபிக் கனசதுரம், புதிர் விளையாட்டு, எலக்ட்ரானிக்ஸ், ஸ்க்ராட்ச், ஜியோஜீப்ரா. பிள்ளைகளே தங்கள் இலக்கை எழுதி, திட்டம் போட்டு, என்ன செய்து முடித்தோம் என்று பார்க்கிறார்கள். இதற்குப் பின்னணி கணிதக் கல்வியாளர் சேமூர் பேப்பர்ட்டின் சிந்தனை. சின்ன வயசில் பல்சக்கரங்களோடு விளையாடியதில்தான் தனக்குக் கணக்கு பிடிபட்டது என்று 1980-ல் வந்த தன் புத்தகத்தில் சொன்னவர் அவர். அங்கே கம்ப்யூட்டர் இருக்கிறது, ஆள் இருக்கிறார்கள், எங்களால் முடியுமா என்று எங்கள் ஸ்டாஃப் ரூமில் பேச்சு வரும். கம்ப்யூட்டர் நம்மிடம் இல்லைதான். பிள்ளை தானே இலக்கு வைப்பதற்கு என்ன கம்ப்யூட்டர் வேண்டும்?

சரி, நடைமுறைச் சிக்கலுக்கு வருகிறேன். போர்ஷன் முடிக்க வேண்டும். குழி, காணி, வேலி என்று போனதில் பரப்பளவுப் பாடத்துக்கு ஒதுக்கியதைப்போல் இரண்டு பங்கு நேரம் ஓடியது. பின்னால் வந்த இரண்டு பாடங்களை ஓட்டமாகத்தான் நடத்தினேன். எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்த முடியாது. முடியும் என்று சொல்கிறவர்கள் வகுப்பில் நின்றவர்கள் இல்லை. வருஷத்துக்கு மூன்று நாலு இடத்தில் ஆழமாகத் தோண்டினால், மற்ற இடத்தில் மண் தானாகவே இளகியிருக்கிறது என்பது என் அனுபவம். எல்லாக் கேள்வியும் பலிப்பதில்லை. கோலப்புள்ளியை வைத்து ஒருநாள் முயன்றேன், பெண் பிள்ளைகள் போட்டார்கள், பையன்கள் வேடிக்கை பார்த்தார்கள், கணக்கு வரவே இல்லை. அழகான கோலம் வந்தது, அவ்வளவுதான்.

பெற்றோர் கூட்டத்தில் ஒரு அம்மா நோட்டைப் புரட்டிக் காட்டி, "இன்னா டீச்சர், கணக்கு நோட்டுல பாதி பக்கம் படமா இருக்குது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பக்கத்தில் தனியார் பள்ளிப் பிள்ளையின் நோட்டில் நூறு கணக்கு, நூறு சிவப்பு டிக். பதிலுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் மகளையே அந்தப் படத்தை விளக்கச் சொன்னேன். இரண்டு ரோடு போனால் ஆறு மனை போச்சு என்று அவள் சொன்னதும், அம்மா தன் பையிலிருந்து ஒரு மனைப்பிரிவு நோட்டீஸை எடுத்தார். தவணையில் பிளாட் வாங்க முன்பணம் கட்டியிருக்கிறார். "இதுல 1,200-ன்னு போட்டிருக்கான், சரியா இருக்கான்னு பாரு." பத்திரத்தின் நாலு எல்லை அளவையும் வாங்கிப் பார்த்து, ஒரு பக்கம் 30, எதிர்ப்பக்கம் 28 என்று அவள் கண்டுபிடித்தாள். பள்ளி முடிந்து நாங்கள் மூவரும் உட்கார்ந்து அதைப் போட்டோம். எனக்கும் அன்று வீட்டுக்குப் போக நேரமாகிவிட்டது.

இப்போது ஓடிக்கொண்டிருப்பது உப்பு. மரக்காணத்திலிருந்து வரும் ஒரு பையன், ஒரு மூட்டை உப்புக்கு எவ்வளவு கடல்தண்ணி வேண்டும் என்று ஆரம்பித்தான். ஒரு லிட்டர் கடல்நீரைத் தட்டில் ஊற்றி வெயிலில் வைத்து, மிஞ்சியதை மளிகைக்கடை எலக்ட்ரானிக் தராசில் போட்டால் ஏறக்குறைய 35 கிராம். அப்படியானால் 50 கிலோ மூட்டைக்கு 1,400 லிட்டருக்கு மேல். "அவ்ளோ தண்ணியா!" என்று வகுப்பே வாயைப் பிளந்தது. அவன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. உப்பளத்தில் தண்ணியை நேராகப் பாத்தியில் விடமாட்டார்கள், முன்னாலேயே தேக்கி வைத்து டிகிரி ஏற்றித்தான் விடுவார்கள் என்கிறான். அவன் அப்பா அங்கே வேலை செய்கிறார். டிகிரி என்றால் என்ன, அது ஏறினால் லிட்டர் கணக்கு எப்படி மாறும் என்பதில் நிற்கிறோம். அந்த டிகிரி பார்க்கிற கண்ணாடிக்குழாயைக் காட்டுவதாக அவர் சொல்லியிருக்கிறார். தை பிறந்து பாத்தி கட்டத் தொடங்கியதும் போக வேண்டும். பாத்திகள் ஏன் அந்த நீள அகலத்தில், அவ்வளவு சின்னதாக இருக்கின்றன என்பதும் பட்டியலில் இருக்கிறது. உப்பளத்தில் வேலை பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால் எழுதுங்கள். ஆனால் பதிலை முழுசாகச் சொல்லிவிடாதீர்கள்.